ஒரகடம் பக்கத்து ஹிட்டாச்சி பயிற்சி மையம்: பின்பக்க யார்டுக்குப் போங்கள், முன்பக்கக் கனடா கவுன்ட்டருக்குப் போகாதீர்கள்

முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிட்டாச்சி, ஜேசிபி ஓட்டக் கற்றுக்கொள்ள இந்த இடத்துக்குத் தாராளமாகப் போகலாம், வாங்கும் காசுக்கு வஞ்சனை இல்லாமல் சொல்லித்தருகிறார்கள். அதே வளாகத்தில் முன்பக்கம் ஏசி போட்ட அறையில் 'வட கனடா சுரங்க வேலை, டிரெயினிங்கோடு பிளேஸ்மென்ட்' என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள், அதற்கு ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். மையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பின்பக்கம் வெயிலில் நின்று சொல்லித்தரும் மாஸ்டரின் பிழைப்பில் மண் விழும், அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது.

நான் செங்குன்றம் பக்கம் மண் வேலைக்கு வண்டி வாடகைக்கு விடுபவன். இந்தத் தொழிலில் ஆபரேட்டர் எப்படி உருவாகிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பையன் ஹெல்பராக வருவான், கிரீஸ் அடிப்பான், டீசல் கேன் தூக்குவான், ஆபரேட்டர் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் சீட்டில் ஏறி லிவரைப் பிடித்துப் பார்ப்பான், ரெண்டு வருஷத்தில் அவனும் ஆபரேட்டர். அப்படிக் கற்றவர்களில் அபாரமான கைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் குரு செய்யும் தப்பும் சீடனுக்கு அப்படியே வந்துவிடும். டிப்பர் கேபினுக்கு மேலாக பக்கெட்டைச் சுற்றுவது, பக்கெட்டைப் பக்கவாட்டில் இழுத்து மண்ணைத் துடைப்பது, வேலை முடிந்ததும் இன்ஜினைப் படக்கென்று ஆஃப் செய்வது, எல்லாம் பரம்பரைச் சொத்து. இப்படித் துடைத்துத் துடைத்து பக்கெட் மூட்டில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து நான் கட்டிய பில்லைக் கூட்டினால் பல பேரைப் படிக்கவைத்திருக்கலாம். அதனால்தான் இப்போதெல்லாம் சேரும் பையன்களை முதலில் எங்காவது முறையாகப் பழக்கிவிட்டு அழைத்துக்கொள்கிறேன். பாதிக் கட்டணம் என்னுடையது, மீதி அவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

இந்த மையத்தில் ஹிட்டாச்சிக்கு மட்டும் 22,000 ரூபாய், ஜேசிபியும் சேர்த்தால் 30,000. யார்டு ஏரிக்கரை ஓரமாக நல்ல அகலம். வேறு இடங்களில் நூறுக்கு நூறு மனையில் ஒரே குழியை காலையில் வெட்டி மாலையில் மூடுவார்கள், அடுத்த பேட்ச் அதே தளர்ந்த மண்ணில் கை பழகிவிட்டு நிஜமான சைட்டில் கெட்டித்தரையைப் பார்த்ததும் திணறும். இங்கே ஒரு மூலையில் சவுடு, ஒரு மூலையில் கல் கலந்த கிராவல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மழை பெய்த மறுநாளும் வகுப்பு உண்டு, சேற்றில் டிராக் வழுக்குவதை அன்றைக்குத்தானே கற்க முடியும்.

வண்டிகள் பழசு. அது எனக்குக் குறையாகப் படவில்லை. லேசான லூஸ் இருக்கும் வண்டியில் பழகியவனுக்குப் புது வண்டி சுலபம், தலைகீழாக நடக்காது.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர், குவாரிகளில் காலம் கழித்தவர், குரலை உயர்த்தாமல் திட்டுபவர். ஆரம்பத்தில் யாரையும் சீட்டில் ஏற விடமாட்டார். காலையில் வந்ததும் வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும், ஹோஸில் எண்ணெய் கசிவு இருக்கிறதா, டிராக் தொங்குகிறதா, பக்கெட் பல்லில் பின் இருக்கிறதா என்று பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம் கிரீஸ் கன். பையன்கள் முணுமுணுப்பார்கள், காசு கட்டியது கிரீஸ் அடிக்கவா என்று. அவர் கண்டுகொள்வதில்லை.

நான் போய் நின்ற ஒரு நாள், சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் குழாய்ப் பள்ளம் வெட்டச் சொல்லியிருந்தார். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, நான் இங்கே படிக்க அனுப்பிய பையன் லிவரில் இருந்தான். பக்கெட் ஒரு பாறைத் துண்டில் மாட்டிக்கொண்டது, அவன் விடாமல் இழுத்தான், ஹைட்ராலிக் 'கீ...' என்று கத்த ஆரம்பித்தது. மாஸ்டர் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர், திரும்பிக் கூடப் பார்க்காமல், "தம்பி, வண்டி அழுவுது, காதுல விழல?" என்றார். அவன் லிவரை விட்டு, பக்கெட்டின் கோணத்தை மாற்றி, ஓரத்திலிருந்து மண்ணைத் தளர்த்திவிட்டு அப்புறம் எடுத்தான். அந்தச் சத்தம் வரும்போது பம்ப்பின் முழு அழுத்தமும், அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில்தான் இடிக்கிறது, வேலை நடப்பதில்லை, டீசல்தான் எரிகிறது, எண்ணெய் சூடாகிறது. என்னிடம் பல வருஷமாக வேலை பார்க்கும் ஆபரேட்டர் ஒருவருக்கு இன்றுவரை இதை என்னால் புரியவைக்க முடியவில்லை.

இன்னொன்று. டிப்பர் லோடிங்குக்கு ஒரு காயலான் டிப்பரை நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஒரு ஹெல்மெட்டை வைத்திருக்கிறார். பக்கெட் அந்த ஹெல்மெட்டுக்கு மேலாகப் போனால் விசில், பையன் இறங்கி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். இதைவிடச் சிறப்பான பாடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

சீட் நேரம்தான் இந்த மாதிரிப் படிப்பின் உயிர். பத்து பேருக்கு ஒரு வண்டி என்றால் ஆளுக்கு எவ்வளவு கிடைத்துவிடும்? இங்கே ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராக, வண்டியின் ஹவர் மீட்டரைப் பார்த்து ஓட்டிய நேரத்தை எழுதுகிறார்கள். மாஸ்டரின் ஏற்பாடு அது.

குறைகளும் உண்டு. தியரி வகுப்பு தண்டம், ஆங்கிலக் கையேட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள், பாதுகாப்பு வீடியோ இந்தியில் ஓடுகிறது. வகுப்பில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள், அவர்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், நம் பையன்கள் மொபைலைப் பார்க்கிறார்கள். இரவு வேலை சொல்லித்தருவதில்லை, குவாரியில் படிபடியாக பெஞ்ச் வெட்டுவது, சரிவில் நிறுத்துவது எல்லாம் பேச்சோடு சரி. ஹாஸ்டல் சுமார், சாப்பாடு சுமாருக்கும் கீழே, கழிவறையைப் பற்றி எழுத மனமில்லை.

இனி முன்பக்க அறைக்கு வருவோம். அங்கே ஒரு சிமுலேட்டர் இருக்கிறது, மூன்று திரையில் பனிக்காடும் ராட்சத டம்பரும் ஓடும். நான் போனபோது ஒரு பெடல் வேலை செய்யவில்லை. பக்கத்துச் சுவரில் வைரச் சுரங்கத்தின் வான்படம், வெள்ளை ஏரிக்கு நடுவில் வட்டக் குழி. என் பையன் மதுராந்தகம் பக்கத்தவன், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன், அந்தப் படத்தின் முன்னால் அவனை நிறுத்தி ஒரு கவுன்சிலர் பேசியிருக்கிறார். பேக்கேஜ் 2,80,000 ரூபாய், மூன்று தவணை, முதல் தவணை திரும்பக் கிடைக்காது. சிமுலேட்டர் சான்றிதழ், சுரங்கப் பாதுகாப்பு கோர்ஸ், ஆவண வேலை, இன்டர்வியூ என்று பட்டியல். வீட்டில் அம்மாவின் நகையை வைத்தால் முதல் தவணை வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னான், "அண்ணே, நீங்க ஒரு வாட்டி வந்து பேசுங்க" என்று.

போனேன். கவுன்சிலர் மரியாதையான ஆள், காபி எல்லாம் வந்தது. "சார், அங்க மைனஸ் நாப்பது டிகிரி. லோக்கல் ஆளுங்க சுரங்கத்துக்கு வர மாட்டாங்க, வேட்டை, மீன்பிடின்னு போயிடுவாங்க. ஆளே இல்ல சார். நம்ம பசங்களுக்குத்தான் டிமாண்ட்" என்றார். லோக்கல் ஆளுங்கன்னா யாரு சார் என்று கேட்டேன். "ஐஸ் வீட்ல இருக்காங்களே, அவங்கதான்" என்று சிரித்தார். எந்தச் சுரங்கம், எந்த நிறுவனம் என்றேன். அதெல்லாம் இரண்டாவது தவணைக்குப் பிறகுதான் சொல்வார்களாம்.

எனக்கு அந்த 'ஆளே இல்ல' என்ற பேச்சு உறுத்தியது. நம்மூரில் எந்தப் பெரிய வேலை நடந்தாலும் 'உள்ளூர் ஆள் வேலைக்கு வரமாட்டான்' என்று கான்ட்ராக்டர்கள் சொல்லும் அதே ராகம். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன், டொரன்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகனையும் கொஞ்சம் தேடித்தரச் சொன்னேன். அந்தச் சுரங்கங்களின் வேலைவாய்ப்பு ஒப்பந்தங்களும் வருடாந்திர அறிக்கைகளும் பொதுவில்தான் இருக்கின்றன, கவுன்சிலர் ஒன்றைக் கூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கதை இதுதான். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் லாக் டி கிரா என்ற ஏரிப் பகுதியில் 1991ல் வைரம் கண்டுபிடித்தார்கள். 1998ல் எகாட்டி, 2003ல் டயாவிக், 2008ல் ஸ்னாப் லேக், 2016ல் கச்சோ குவே என்று சுரங்கங்கள் திறந்தன. அந்த நிலம் டெனே, மெட்டி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கரிபூ மான் வேட்டையாடித் திரிந்த நிலம். அதனால் சுரங்கம் திறக்கும் முன்பே நிறுவனங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பிரதேச அரசோடு ஒரு சமூகப் பொருளாதார ஒப்பந்தம், அது தவிர ஒவ்வொரு பூர்வகுடி அமைப்போடும் தனித்தனி உடன்படிக்கை. டயாவிக் 1999ல் போட்ட ஒப்பந்தப்படி, சுரங்கம் ஓடும் காலத்தில் வேலை செய்பவர்களில் 66 சதவீதம் வடபகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும், அவர்களிலும் குறைந்தது 40 சதவீதம் பூர்வகுடிகளாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. கிழக்கே இனுயிட் என்ற பூர்வகுடி மக்களின் நூனவுட் பிரதேசத்தில் இது இன்னும் கறார். 1993ல் அவர்கள் மத்திய அரசோடு செய்த நில உடன்பாட்டிலேயே, பெரிய சுரங்கம் எதுவும் இனுயிட் அமைப்போடு தாக்கமும் பலனும் குறித்த உடன்படிக்கை செய்யாமல் தொடங்க முடியாது என்று தனிப் பிரிவு இருக்கிறது. வேலை, பயிற்சி, ஒப்பந்த வேலைகளில் முன்னுரிமை எல்லாம் அதற்குள் வரும். கியூபெக்கின் வடக்கே ராக்லன் நிக்கல் சுரங்கம் 1995ல் இனுயிட் அமைப்போடும் பக்கத்து இரண்டு ஊர்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் லாபத்திலேயே பங்கு உண்டு.

ஆக அந்த வேலைகளில் முதல் நாற்காலி யாருக்கு என்பது எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயம். பேக்கேஜ் புத்தகத்தின் பளபளப்பான பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பயிற்சியையும் பார்த்தேன், என் கண் அங்கேதானே போகும். வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃப்பில் 2004ல் சுரங்கப் பயிற்சிக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள், பூர்வகுடி அரசுகள், சுரங்க நிறுவனங்கள், அரசாங்கம் மூன்றும் சேர்ந்து. பணம் அவர்கள் பக்கத்திலிருந்து வருகிறது, கற்க வருபவன் நகையை வைப்பதில்லை. நூனவுட்டில் பேக்கர் லேக் ஊருக்கு வடக்கே மெடோபேங்க் தங்கச் சுரங்கத்தில் இனுயிட் ஆட்களுக்கென்றே டம்பர் ஓட்டுநர் பயிற்சி நடத்தினார்கள். அதிலும் சிமுலேட்டர் உண்டு. ஆனால் அது முதல் படி மட்டும்தான், அப்புறம் நிஜ வண்டியில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஓட்டவைத்துத்தான் கையில் கொடுப்பார்கள், முடித்தவனுக்கு அதே சுரங்கத்தில் வண்டி காத்திருக்கும். இங்கே பெடல் உடைந்த சிமுலேட்டரில் எடுத்த சான்றிதழை அந்த ஊரில் யாரிடம் போய் நீட்டுவது?

அதற்காக அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். இலக்கு என்று எழுதிய சதவீதங்களைச் சுரங்கங்கள் பல வருஷங்களாக எட்டவில்லை. இது பழைய வியாதி. பாஃபின் தீவில் நானிசிவிக் என்ற ஈய துத்தநாகச் சுரங்கம் 1976ல் தொடங்கியபோது 60 சதவீதம் இனுயிட் ஆட்கள் என்று பேசினார்கள், 2002ல் மூடும்வரை அந்த எண்ணைத் தொடவே இல்லை. வேலை கிடைத்தவர்களிலும் பலர் டம்பர், சமையல், துப்புரவு என்ற ஆரம்பப் படியிலேயே நிற்கிறார்கள், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர் நாற்காலிகளில் தெற்கிலிருந்து வந்தவர்கள்.

ஏன் எட்டவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் சோம்பல், வேட்டை என்ற கவுன்சிலர் கதைக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. அந்த வைரச் சுரங்கங்களுக்கு வருஷம் முழுக்கப் போகும் சாலை கிடையாது. டயாவிக்குக்கு ஜனவரி பிற்பகுதியில் இருந்து மார்ச் வரை உறைந்த ஏரிகளின் மேல் போடும் பனிச் சாலை மட்டும்தான், ஒரு வருஷத்துக்கான டீசலும் உதிரிபாகமும் அந்த இரண்டு மாதத்தில் லாரியில் போய்ச் சேர வேண்டும். ஆட்கள் விமானத்தில் போய், பெரும்பாலும் இரண்டு வாரம் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை, இரண்டு வாரம் வீடு. சின்னப் பிள்ளை இருக்கும் தாய்க்கு அது எப்படி முடியும்? டிரைவிங் லைசென்ஸ் கேட்கிறார்கள், சாலையே இல்லாத ஊரில் லைசென்ஸ் எடுப்பது எப்படி? வாட்டி என்ற ட்லிச்சோ பூர்வகுடி ஊருக்கு எல்லாக் காலத்திலும் போகும் சாலை வந்ததே 2021 கடைசியில்தான். பள்ளிக் கணிதம் போதாமல் தொழிற்பயிற்சியில் சேர முடியாதவர்கள் ஏராளம். நூனவுட்டில் இன்னொரு கூத்து, பெரும்பாலோர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறார்கள், சம்பளம் ஏறினால் வாடகையும் ஏறும். நானாக இருந்தால் யோசிப்பேன்.

இதற்கெல்லாம் அவர்கள் செய்து பார்த்த மருந்துகளும் சுவாரசியம். சுரங்கத்துக்குப் போவதற்கு முன் படிக்க, கணக்குப் போடத் தனி வகுப்பு, வேலைத்தளத்திலேயே இனுயிட் மொழியில் பேசி உதவ ஆள், சில இடங்களில் கரிபூ இறைச்சியும் ஆர்க்டிக் சார் என்ற மீனும் அவர்கள் முறையில் சமைத்துச் சாப்பிடத் தனிச் சமையலறை. ராக்லனில் 2008 முதல் இனுயிட் ஆட்களை எடுத்துப் பயிற்றுவித்துத் தக்கவைக்கவென்றே ஒரு திட்டம் ஓடுகிறது. இங்கே நம் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துவிட்டு அந்தச் சமையலறையைப் பற்றிப் படித்தபோது பெருமூச்சு வந்தது.

சரி, உள்ளூர் இலக்கு எட்டாத மிச்ச இடங்கள் நம் பையன்களுக்கு வராதா என்று கேட்பீர்கள். கவுன்சிலரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அந்த இடங்களுக்கு ஆல்பர்ட்டாவிலிருந்தும் மற்ற தென் மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் விமானத்தில் வருகிறார்கள், அந்த நாட்டுத் தொழிற்சான்றிதழும் பல வருட அனுபவமும் உள்ளவர்கள். வெளிநாட்டு ஆளைத் தற்காலிகமாக எடுக்க வேண்டுமானால் உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி பொதுவாக அரசுக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதில் ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒரகடத்தில் ஹிட்டாச்சி பழகிய பையனுக்கு இத்தனை பேரைத் தாண்டி யார் விமான டிக்கெட் போடுவார்கள்? இதில் இன்னொரு விஷயம், சுவரில் மாட்டியிருந்த அந்த வட்டக் குழிப் படம் டயாவிக், 2026 தொடக்கத்தோடு உற்பத்தியை முடித்துக்கொள்ளும் என்று முன்பே அறிவிக்கப்பட்ட சுரங்கம். ஸ்னாப் லேக் 2015லேயே மூடியாயிற்று. மூடப்போகும் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இங்கே தவணை வாங்குகிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நெய்வேலி ஞாபகம் வராமல் இல்லை. 1956ல் நிறுவனம் வந்தது முதல் நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுக்கொண்டே இருக்கின்றன, பலருக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல் வயலில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். ஓட்டியது நம் தொழிலில் இருக்கும் யாரோ ஒரு ஆபரேட்டர்தான், அன்றைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நானும் என் ஆட்களும் பேசிக்கொண்டோம். நிலம் கொடுத்தவனுக்கு முதல் வேலை கொடு என்று நெய்வேலிக்காகப் பேசும் நாம், வடக்கே அதே நியாயத்தைக் கேட்டு எழுதி வாங்கிய மக்களின் நாற்காலியை நம் பையனுக்கு விலைபேசும் கவுன்ட்டரில் வரிசையில் நிற்பது எனக்கு ஒட்டவில்லை. அந்த நாற்காலியும் கவுன்ட்டர் கையில் இல்லை என்பது வேறு கதை.

மறுமுறை போனபோது இதையெல்லாம் கவுன்சிலரிடம் சொன்னேன். "சார், நீங்க ரொம்ப டீப்பா போறீங்க" என்றார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உரிமம் உண்டா என்று கேட்டேன். நாங்க டிரெயினிங் மட்டும்தான், அனுப்புறது பார்ட்னர் என்றார். பார்ட்னரின் உரிம எண்? அதுவும் இரண்டாவது தவணைக்குப் பிறகாம். இது போதும் எனக்கு.

வெளிநாடு போக ஆசைப்படுவது தப்பில்லை, என்னிடம் இருந்த ஒருவர் இப்போது வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார், நன்றாக இருக்கிறார். ஆனால் வழி தெரிந்து போங்கள். 1983ன் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சேவைக் கட்டணமாக ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 2,80,000 எங்கே, 30,000 எங்கே! அதோடு தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது, கிண்டிப் பக்கம் வேலையாகப் போகும்போது எட்டிப்பார்த்துவிட்டு வரலாம்.

சுரங்கத்தில்தான் ஆசை என்றால் இங்கேயே தொடங்கலாம். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு 1966ம் வருட விதிகளின்படி தொழிற்பயிற்சி கொடுத்தாக வேண்டும், சுரங்க முதலாளியின் பொறுப்பு அது. பெரிய குவாரிகளிலும் சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் அந்தச் சான்றிதழோடு சில வருஷம் ஓட்டினால் அது அனுபவம், அதை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம். ஐடிஐ முடித்த பையன்கள் நெய்வேலியின் அப்ரென்டிஸ் அறிவிப்பைக் கவனியுங்கள், உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருவார்கள், வாங்க மாட்டார்கள்.

என் பையன் முதல் தவணை கட்டவில்லை. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், இப்போது சோழவரம் பக்கம் ஒரு லேஅவுட் வேலையில் வண்டியில் இருக்கிறான், பேட்டாவோடு சேர்த்து ஹெல்பர் சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு வருகிறது. வேலை முடிந்ததும் இன்ஜினைச் சில நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போ ஆறிய பிறகுதான் ஆஃப் செய்கிறான். சீனியர் ஆபரேட்டர் அவனைக் கிண்டல் செய்கிறார், நான் அந்தச் சீனியரை முறைக்கிறேன்.

மார்க் போட வேண்டுமானால் யார்டுக்கு ஐந்துக்கு நாலு, தியரிக்கு ஒன்று, முன் அறைக்குப் பூஜ்யம். மாஸ்டர் இருக்கும்வரைதான் இந்த நாலு, அவர் போய்விட்டால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

சேருபவர்களுக்கு: காலை பேட்ச் கேட்டு வாங்குங்கள், மதியத்துக்கு மேல் கேபின் கொதிக்கும், பழைய வண்டியில் ஏசி எதிர்பார்க்க வேண்டாம். ஷூ சொந்தமாக எடுத்துப் போங்கள், அவர்கள் கொடுப்பது சைஸ் பொருந்தாது. ரசீதில் 'ஹிட்டாச்சி பயிற்சி' என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், 'ஃபாரின் கைடன்ஸ் அட்வான்ஸ்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தால் அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக எழுதும் மணிநேரத்தை அன்றன்றைக்கே மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் மாஸ்டரிடம் நேரில் கேளுங்கள், ஈடுகட்டித் தருவார். முன் அறையில் கேட்டால் கனடா புத்தகத்தைத்தான் நீட்டுவார்கள்.